ஆதிரை பிறந்த மாநிலம்

மண்டபத்தூர்
3 ஜூலை 2025

அன்புள்ள தீபாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளை ஆனந்தும் வயிற்றில் இருக்கும் செல்லமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் வருகிறவள் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாளே என்று நினைப்பாய். எனக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. போன் சத்தமே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அண்ணன் போனோ தண்ணீரில் விழுந்துவிட்டது. அதனால் கொஞ்ச காலத்துக்கு இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைப் பாராட்டுவார்கள், அது இன்னும் கெடவில்லை பார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகை இறக்கியாயிற்று. முதல் தடவை போனதில் நல்ல இறால். இப்போது ஆழத்தில் தங்கிப் பிடிக்கப் போயிருக்கிறார், வர நாளாகும்.

நேற்று தலத்தெருவில் ழானெத் அம்மா வீட்டுக்கு மீன் கொடுக்கப் போனேன். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள், உனக்குக் கூட கல்யாணத்துக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்களே, அவர்கள்தான். சதா அந்த ஊர் டிவிதான் ஓடும். "மங்கை, அமெரிக்காவுல கோர்ட்டுல என்னமோ சொல்லிட்டாங்க. அங்க பொறக்கற புள்ளைங்களுக்கு இனிமே அந்த ஊரு பிரஜாவுரிமை சிக்கலாம். உன் நாத்தனா முழுகாம இருக்கான்னியே, கேட்டுக்க" என்றார்கள். கடல் விரால் மீனைக் கூறு போட்டுக்கொண்டே கேட்டேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயப்படும்படி ஏதாவது உண்டா? உள்ளதை எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அண்ணி மங்கையர்க்கரசி


இர்விங், டெக்சாஸ்
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

தீபாவின் வணக்கம். நாங்கள் நன்றாக இருக்கிறோம். உள்ளே இருப்பவர் விலாவில் உதைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் காதுக்கு ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் சரியாகிவிட வேண்டும்.

ழானெத் அம்மா சொன்னது பாதி சரி. இந்த வருடத் தொடக்கத்தில் இங்கே ஜனாதிபதி ஒரு உத்தரவு போட்டார். தாயும் தகப்பனும் எங்களைப் போல் வேலை விசாவில் தற்காலிகமாக இருப்பவர்கள் என்றால், இங்கே பிறக்கும் பிள்ளைக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை என்று. உடனே சில நீதிபதிகள் அதை நிறைவேற்றக் கூடாது என்று நாடு முழுவதற்கும் தடை போட்டார்கள். நாங்களும் அதோடு மறந்துவிட்டோம். போன வாரம் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லிவிட்டது. ஒரு நீதிபதி தன் முன்னால் வழக்கோடு வந்து நின்றவர்களுக்குத்தான் தடை தரலாம், வராதவர்களுக்கும் சேர்த்து நாடு முழுக்கத் தர முடியாது என்று. அந்த உத்தரவு சரியா தப்பா என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

அதனால் வழக்குப் போட்ட மாநிலங்களில் தடை நீடிக்கலாம். போடாத மாநிலங்களில் இந்த மாதக் கடைசியில் உத்தரவு அமலுக்கு வந்துவிடலாம். டெக்சாஸ் போடவில்லை. எனக்குப் பிரசவத்துக்குச் சொல்லியிருக்கும் தேதி ஆகஸ்ட் நடுவில்.

அப்படி ஆனால் பிள்ளை என்னவாக இருக்கும் என்று ஆனந்திடம் கேட்டேன். "இந்தியக் குழந்தையா பதிவு பண்ணிக்கலாம்" என்றார். சரி, ஆனால் இந்த ஊரில் அது யார்? நாங்கள் விசாவோடு வந்தவர்கள். அது எந்த வாசல் வழியாகவும் வரவில்லையே, என்ன முத்திரை குத்துவார்கள்? "சட்டம் தெரிஞ்சவங்களே முழிக்கிறாங்க தீபா, நீ தூங்கு" என்கிறார். அவரும் தூங்குவதில்லை.

நீங்கள் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அண்ணன் கரைக்கு வந்ததும் யார் போனிலிருந்தாவது ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். அவர் குரலைக் கேட்டால் எனக்குத் தெம்பு.

உங்கள்
தீபா


மண்டபத்தூர்
12 ஜூலை 2025

அன்புள்ள தீபாவுக்கு,

அண்ணியின் ஆசிகள். உன் கடிதத்தை ழானெத் அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். இங்கே வெயில் குறையவில்லை, மற்றபடி ஒரு கஷ்டமும் இல்லை.

ஒரே நாட்டில் ஒரு மாநிலத்தில் பிறந்தால் ஒன்று, இன்னொன்றில் பிறந்தால் வேறா என்று நீ கேட்காமல் கேட்டிருக்கிறாய். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் நம் காரைக்கால். பாலத்தைத் தாண்டினால் ரேஷன் வேறு, சாராய விலை வேறு. ஆனால் பிறக்கிற பிள்ளை வேறு இல்லையே.

அதற்கு ழானெத் அம்மா ஒரு கதை சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்கள் முறைப்படி விட்டுப்போனபோது, அவர்கள் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்களாம். "எங்கப்பா போயி கையெழுத்துப் போட்டுட்டாரு. சித்தப்பா விழிதியூர்ல சம்பா அறுப்பு முடியட்டும்னு இருந்தாரு. அறுப்பு முடிஞ்சிச்சு, ஆறு மாசமும் முடிஞ்சிச்சு. நான் பிரெஞ்சு, என் சித்தப்பா மவ இந்தியா. ஒரே வீட்டுல ஒரே பாயில படுத்து வளந்தோம்" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "உன் நாத்தனாவ அறுப்பு முடியட்டும்னு இருக்க வேணாம்னு சொல்லு" என்றார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்கு எது செய்யத் தோன்றுகிறதோ, அதைக் காலத்தோடு செய்.

காரைக்காலில் மாங்கனித் திருவிழா. நானும் போய்வந்தேன், நல்ல கூட்டம். உன் அண்ணன் இன்னும் ஆழத்தில்தான் இருக்கிறார். மீன் கிடைக்கிறதாம், அதனால் திரும்ப மனமில்லை.

அன்புடன்
அண்ணி


16 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை, கால் மட்டும் கொஞ்சம் வீங்குகிறது. நீங்கள் சுகமா? காது எப்படி இருக்கிறது?

ஒரு நல்ல சேதி. நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு சின்ன மாநிலம். அங்கே ஒரு நீதிபதி, இந்த உத்தரவால் பாதிக்கப்படுகிற குழந்தைகள் எல்லோரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து, ஒரே வழக்காக ஏற்றுக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்குத் தடை கொடுத்திருக்கிறார். வழக்கோடு வந்தவர்களுக்கு மட்டும்தான் தரலாம் என்றார்கள் அல்லவா? இப்போது பிறக்காத பிள்ளைகளும் வழக்கோடு வந்தவர்கள். என் வயிற்றில் இருப்பதும் கோர்ட்டில் ஒரு வாதி, அண்ணி!

ஆனந்த் குதித்தார். "எங்க பொறந்தாலும் இனிமே பிரச்சினை இல்ல" என்றார். எனக்கு மட்டும் மனம் இறங்கவில்லை. ஒரு நீதிபதி கொடுத்ததை இன்னொருவர் எடுத்ததைப் பார்த்துவிட்டோமே. இதையும் எடுக்க எத்தனை நாழி?

இங்கே பக்கத்தில் ஒரு மீன் கடை இருக்கிறது. வவ்வால் மீன் வாங்கி உங்கள் கைப்பக்குவத்தில் குழம்பு வைத்தேன். புளி சரியில்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. ராத்திரி விழித்திருக்காதீர்கள் அண்ணி. வேளைக்குச் சாப்பிடுங்கள். தனியாக இருக்கும்போது அடுப்பு மூட்டவே தோன்றாது, தெரியும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

தீபா


மண்டபத்தூர்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தீபாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. கொஞ்சம் அலைச்சல். நான் நன்றாக இருக்கிறேன்.

நாள் நெருங்கிவிட்டது. சொல்லவேண்டியது இவ்வளவுதான். நீ எங்கே இருந்தாலும் கூட இருப்பவர்களிடம் கூச்சப்படாதே. வெந்நீர் வேண்டுமானால் வெந்நீர் கேள். முதுகு பிடிக்கச் சொல்ல வேண்டுமானால் சொல். நம் வீட்டு ஆட்கள் இல்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதே. பெற்றெடுக்கிற நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறார்களோ, அவர்கள்தான் உன் வீட்டு ஆட்கள்.

மாப்பிள்ளை மேல் கோபம் வேண்டாம். வேலையை விட்டால் விசா போகும் என்கிறவர் என்ன செய்வார்?

உன் அண்ணன் உன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

அண்ணி


எடிசன், நியூ ஜெர்சி
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கு மருமகள் பிறந்திருக்கிறாள். ஆதிரை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆறு ராத்தல் இருக்கிறாள், நல்ல குரல். நானும் நன்றாக இருக்கிறேன்.

மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார்த்திருப்பீர்கள். ஜூலை இரண்டாம் வாரமே இங்கே வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றார்கள். நியூ ஜெர்சி வழக்குப் போட்ட மாநிலம். கல்லூரியில் என்னோடு படித்த நஜீபாவின் வீடு இது. காரைக்கால் நஜீபாதான், நோன்புக் கஞ்சி கொண்டுவருவாளே. "வயித்தத் தூக்கிட்டு தனியா வரியா, ஒனக்கு புத்தி கெட்டுப்போச்சா?" என்று போனில் திட்டினாள். திட்டிவிட்டு, விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வர என்று கேட்டாள்.

நீங்கள் பதறுவீர்கள் என்று சொல்லவில்லை. இங்கே மருத்துவர் கிடைப்பதுதான் பெரும்பாடு. கடைசி மாதத்தில் வருகிறவளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. கடைசியில் கரீபியன் தீவிலிருந்து வந்த ஒரு மருத்துவச்சி, "உன்னைப் போல் இந்த மாதம் நிறையப் பேர் மாநிலம் மாறி வருகிறார்கள்" என்று சொல்லி, வேறெதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டாள். நியூ ஹாம்ப்ஷயர் தடை வந்தபின் ஆனந்த் திரும்பி வரச் சொன்னார். எனக்கு மனமில்லை. பிறகு விமானமும் ஏற முடியாது. வலி முன்னதாகவே வந்துவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது ஆதிரைக்கு ஒரு நாள் வயது. பிள்ளையைக் கையில் வாங்கி, "நான் இல்லாமயே வந்துட்டியா" என்று கேட்டவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நஜீபாதான் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் எழுதியது போலவே.

அண்ணி, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று இந்தக் கடிதத்திலும் கேட்க மாட்டேன். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் இங்கே வந்த சில நாளில் நஜீபாவின் அம்மா போன் செய்தார்கள். "மண்டபத்தூர் படகு ஒண்ண இலங்கைக்காரங்க புடிச்சுட்டாங்களாம், ஐயனார் படகாம்" என்று அவர்கள் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். நஜீபா ஒலிபெருக்கியை அணைப்பதற்குள் அண்ணன் பெயரைக் கேட்டுவிட்டேன். உங்களுக்குக் காது வலி இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குத் தெரியும் என்று சொன்னால், என்னையும் சேர்த்துச் சுமப்பீர்கள். அதனால் நானும் வவ்வால் குழம்பைப் பற்றி எழுதினேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் எழுதுங்கள்.

தீபா


மண்டபத்தூர்
21 ஆகஸ்ட் 2025

என் கண்ணே தீபா,

பிள்ளை பெற்றவள் நீ, உன்னை நான் நேரில் வந்து குளிப்பாட்ட வேண்டும். ஆதிரையின் படத்தை ஐஸ் கடைக்காரர் முதல் ழானெத் அம்மா வரை எல்லோரிடமும் காட்டிவிட்டேன். மூக்கு உன் அண்ணன் மூக்கு.

நீ ஊர் பெயர் போடாமல் எழுதிய கடிதத்தில் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரைக் கேட்காமல் உன் கடிதம் முடிந்ததே கிடையாது. தெரிந்துவிட்டது என்று அன்றே எனக்குத் தோன்றியது. நீ நியூ ஜெர்சியில் இருப்பதும் தெரியும். மாப்பிள்ளை ஜூலைக் கடைசியில் கூப்பிட்டார். "அக்கா, அவ தனியா போயிட்டா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா, நீங்க ஏதாவது தைரியமா எழுதுங்க" என்றார். அவரிடம் நானும் சொன்னேன், உன் அண்ணனைப் பற்றி உன்னிடம் வாய் திறக்கக் கூடாது என்று. போனில் பேசியிருந்தால் என் குரலே காட்டிக்கொடுத்திருக்கும். நல்ல குடும்பம்!

நடந்ததைக் கேள். நான் உனக்கு முதல் கடிதம் எழுதிய வாரத்துக்கு முந்தின வாரம் நடந்தது. படகின் அடியில் சுழலும் காற்றாடியில் வலை சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. உன் அண்ணன் அசந்து படுத்திருந்த நேரம். வீல் பிடித்து ஓட்டியது நம் படகில் கூடப் போகிற கலியமூர்த்தி. நீரோட்டம் கிழக்கே இழுத்துப்போய்விட்டது. எல்லை தாண்டி வந்துவிட்டீர்கள் என்று இலங்கைக்காரர்கள் பிடித்து, யாழ்ப்பாணம் கொண்டுபோய்விட்டார்கள். ஏழு பேர். கடலில் என்ன கோடா போட்டிருக்கிறது?

அங்கே கோர்ட்டில் கூட வந்தவர்களை எச்சரித்து விட்டுவிடுவார்களாம், படகை ஓட்டியவருக்குத்தான் தண்டனை. மற்ற ஆறு பேரும் ஊர் வந்த அன்று கலியமூர்த்தி நேரே நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அண்ணி, வீல்ல நாந்தான் இருந்தேன்" என்றான்.

"தெரியும், சொல்லு."

"டிரைவர் யாருன்னு கேட்டாங்க. நான் கையத் தூக்கப் போனேன். அதுக்குள்ள அண்ணன் தூக்கிட்டாரு. எம் பொண்டாட்டிக்கு நாள் நெருங்குதுன்னு அவருக்குத் தெரியும். 'படகு என்னுது, ஓட்டுனதும் நான்தான்'னுட்டாரு. நான் பேச வாயத் தொறந்தா மொறைக்கிறாரு."

ஆறு மாதம் போட்டிருக்கிறார்கள். பிடித்த நாளிலிருந்து கணக்காம். கலியமூர்த்தி மூலம் எனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தார்: "தங்கச்சிக்குத் தெரிய வேணாம்." அவ்வளவுதான். எனக்கு ஒரு வார்த்தை இல்லை, பார்த்துக்கொள்.

கலியமூர்த்திக்குப் பையன் பிறந்தான். உன் பிள்ளைக்கு ஒரு வாரம் மூத்தவன். அவன் பிறந்தபோது தகப்பன் பக்கத்தில் இருந்தான். எனக்கு ஆத்திரமும் வந்தது, பெருமையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அன்று மூன்று கூடை மீன் விற்றேன்.

பூண்டுக் குழம்பு வை. கீரை வேண்டாம்.

அண்ணி


இர்விங், டெக்சாஸ்
9 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். ஆதிரை குப்புற விழுகிறாள். விழுந்துவிட்டுத் தலையைத் தூக்கி நம்மை ஏதோ கேள்வி கேட்பது போல் பார்க்கிறாள். எனக்கு உடம்பு தேறிவிட்டது. உங்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தாலும் கடிதம் எழுதாமல் இருக்க முடியவில்லை. பேசும்போது உங்களை அழவைத்துவிடுகிறேன், எழுதும்போது இல்லை.

பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. டெக்சாஸில் பிறந்த பிள்ளைகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது, அந்த நியூ ஹாம்ப்ஷயர் தடை இதுவரை நிற்கிறது. ஆக நான் போனது வீண் என்று ஆனந்த் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் எழுதியிருக்கிறது. ஒரு நாள் நானே கேட்டேன். "வீண்னு எப்படிச் சொல்றது? தடை நிக்கும்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்?" என்றார். பிறகு, "ஆனா அந்த ஒரு நாள் எனக்குத் திரும்பி வராது" என்றார்.

பொங்கல் கழித்து ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன். என் விசா முத்திரைக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதனால் திரும்பி வரத் தடையிருக்காது என்று வக்கீல் சொன்னார். ஆனந்தால் வர முடியாது. ஆதிரைக்குத்தான் இந்திய விசா எடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள். அவள் இப்போது வெளிநாட்டுக்காரி. அவள் தாத்தா வலை உலர்த்திய ஊருக்கு வர அவளுக்கு அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில், இந்தியாவில் அவளைத் தெரிந்த ஒருவர் பெயரும் முகவரியும் கேட்கிறார்கள். அண்ணன் பெயரைப் போடலாமா என்று அவர் வந்ததும் கேட்டு எழுதுங்கள்.

தீபா


மண்டபத்தூர்
20 டிசம்பர் 2025

அன்புள்ள தீபாவுக்கு,

உன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். போனில் முகத்தைப் பார்த்துவிட்டாய், ஆனால் அவர் பேசவில்லை என்று வருத்தப்பட்டாய். அதனால் எழுதுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, இளைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆறு மாதம் முடியுமுன்பே விட்டுவிட்டார்கள். விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். இறங்கியதும் கடல் பக்கம் பார்க்கவில்லை, நேரே வீட்டுக்குள் வந்தார். படகு அங்கேயே நிற்கிறது, வருமா என்று தெரியவில்லை. இப்போதைக்குக் கலியமூர்த்தியின் மாமன் படகில் கூடப் போகிறார். சொந்தப் படகு வைத்திருந்தவர், கூலிக்குப் போய்வருகிறார். கலியமூர்த்தி தன் பையனைக் கொண்டுவந்து மடியில் போட்டான். அவர் பெயரையே வைத்திருக்கிறான். "ஏன்டா, ஊர்ல வேற பேரே கெடைக்கலியா" என்று மட்டும் கேட்டார். பிள்ளையை இறக்கிவிடவே இல்லை.

விசாவுக்குப் பெயர் கேட்டாயே. சொன்னேன். "உம் பேரப் போடச் சொல்லு" என்றார்.

"தாய்மாமன் நீங்க இருக்கறப்ப எம் பேரு எதுக்கு?"

"எம் பேர்ல வெளிநாட்டுக் கோர்ட்டுல தீர்ப்பு இருக்கு, மங்கை. எல்லை தாண்டுனவன்னு எழுதியிருக்கு. அந்தப் பேரப் பாத்துட்டு புள்ளைய வுட மாட்டேன்னுட்டா? அவ அவ்வளவு தூரம் அலைஞ்சு வாங்குனதுக்கு நான் இடைஞ்சலா வரணுமா?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். போனில் உன்னிடம் பேசாததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். தன் மேல் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவும், அது பிள்ளைக்கும் ஒட்டிவிடும் போலவும் நடந்துகொள்கிறார். அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். என் ஆதார் எண்ணை அனுப்பட்டுமா?

ழானெத் அம்மா டிவியில் பார்த்துச் சொன்னார்கள், பெரிய கோர்ட்டு இப்போது அந்த உத்தரவையே விசாரிக்கப் போகிறதாமே?

அண்ணி


இர்விங், டெக்சாஸ்
4 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை தீபா எழுதுவது. நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். இது உங்களுக்கே எழுதுகிற கடிதம், அண்ணி படித்துச் சொல்ல வேண்டாம், நீங்களே படியுங்கள்.

பெரிய கோர்ட்டு விசாரிக்க எடுத்துக்கொண்டது உண்மைதான். இந்தக் கோடைக்குள் தீர்ப்பு வரும் என்கிறார்கள். ஆதிரை போல ஏற்கெனவே பிறந்தவர்களுக்கு என்ன, இனிப் பிறக்கிறவர்களுக்கு என்ன, ஒன்றும் உறுதியாகத் தெரியாது. முன்பு இதை நினைத்தால் தூக்கம் வராது. இப்போது அவளைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் மறந்துவிடுகிறேன்.

நான் செய்ததைக் கேளுங்கள். விண்ணப்பத்தில் தெரிந்தவர் பெயர் என்ற இடத்தில் ஐயனார் என்று எழுதினேன். மண்டபத்தூர் முகவரி எழுதினேன். உங்கள் புது போன் எண்ணையும் எழுதினேன். அண்ணி எண்ணை எழுதவில்லை. உங்கள் பேரைப் பார்த்து அவளை விட மாட்டேன் என்று சொல்கிற வாசல் எதுவோ, அந்த வாசல் வழியாக அவள் வர வேண்டாம் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். ஆனந்திடமும் சொன்னேன். "சரிதான், அனுப்பு" என்றார்.

மூன்றாம் நாள் அனுமதி வந்துவிட்டது, அண்ணே. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி காலையில் திருச்சியில் இறங்குகிறோம். வண்டி பிடித்து நீங்கள்தான் வர வேண்டும், வேறு யாரையும் அனுப்பாதீர்கள். நான் பெட்டியும் பையுமாக வருவேன், முதலில் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்கு உங்களைத் தெரியாது, வீறிட்டு அழுவாள். யாரிடம் கொடுத்தாலும் அழுகிற வயது. பயந்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். தோளில் போட்டு நாலு எட்டு நடங்கள், அடங்கிவிடுவாள்.

உங்கள் அன்புத் தங்கை
தீபா